இரவல் காவல்

வெயிலுமுத்து சார் பலகையில் பாதியை மறந்துவிட்டார் என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள்தான். மனித இதயத்தை வரைந்து நான்கு அறைகளையும் காட்ட வேண்டியவர், பலகையின் வலது பக்கத்தில் பாதி இதயத்தை மட்டும் வரைந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "சார், மிச்சம்?" என்று கேட்டதற்கு, "எல்லாம் போட்டாச்சே" என்றாராம். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

அவருடைய வீட்டுக்காரியான எனக்கு அந்தச் செய்தி வந்தபோது நான் நாலைந்து நாளாகவே அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்வார். இடது கன்னத்தை அப்படியே விட்டுவிட்டு மற்றதை மழித்துக்கொண்டு வந்து நிற்பார். நான் கோவில்பட்டி - திருநெல்வேலி வண்டியில் பதினெட்டு வருடமாக விசில் ஊதுகிற நடத்துநர். கவனம் இல்லாத ஆட்களைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காது. "கண்ண எங்க வச்சுக்கிட்டு நடக்கிய?" என்றேன். "மன்னிச்சுக்கோ செண்பகா" என்றார். அவர் எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிற மனிதராக மாறி ஆறு வருடம் ஆகியிருந்தது.

மதுரையில் மூளையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் நிலோஃபர் என்னைவிட இளையவர். எதையும் மூடி மறைக்காமல் பேசுகிறவர்.

"இது ஒண்ணும் புது வைரஸ் இல்லம்மா. ஊர்ல பாதிப் பேருக்கு மேல இது உடம்புல இருக்கும். சின்ன வயசுலயே வந்து ஒரு மூலையில படுத்துத் தூங்கிடும். உடம்புல எதிர்ப்புச் சக்தி இருக்கிற வரைக்கும் எந்திரிக்காது. சாருக்கு நாம வச்ச கிட்னிய அவர் உடம்பு வெளிய தள்ளிடக் கூடாதுன்னு, அந்தச் சக்திய அடக்குற மாத்திரை ஆறு வருஷமா போயிட்டிருக்கு. காவக்காரனக் கட்டிப் போட்டுட்டோம். அது எந்திரிச்சு மூளைக்குப் போயிடுச்சு."

"எந்த மூலையில தூங்கும்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "பெரும்பாலும் சிறுநீரகத்துல."

"அவரோடது ரெண்டும் என்னைக்கோ சுருங்கிப் போச்சு. இப்ப அவருக்குள்ள ஓடுறது என்னோடது."

"உங்ககிட்டயிருந்து போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. அவருக்கே முன்னாடியே இருந்திருக்கலாம். எனக்கும் இருக்கும், இந்த நர்ஸம்மாவுக்கும் இருக்கும். அத நினைச்சுக்கிட்டு உட்காராதீங்க."

உட்காராமல் எப்படி? கொடுத்ததோடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டேனோ என்கிற எண்ணம் அன்றைக்குப் பிடித்தது. இன்றைக்கும் அது முழுதாக விடவில்லை.

அந்த வைரஸுக்கு நேரடியாக மருந்து கிடையாது. ஆனால் இரவல் இருந்தது. அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் எல்லோரும் இரவல் என்றுதான் சொன்னார்கள். நன்றாக இருக்கும் ஒருவருடைய ரத்தத்தில் இந்த வைரஸை அடையாளம் தெரிந்த செல்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, நோயாளிக்கு ஏற்றுவார்கள். அவை மூளைக்குப் போய்த் தேடித்தேடி அடிக்கும். சில மாதம் இருந்து வேலையை முடித்துவிட்டுத் தாமாகவே அழிந்துபோகும்.

"யாரோடதுன்னாலும் ஆகுமா?" என்றேன்.

"ஆகாது. ஒவ்வொருத்தர் செல்லு மேலயும் ஒரு அடையாளம் இருக்கும். அப்பா குடுத்தது பாதி, அம்மா குடுத்தது பாதி. அது ஒத்துப் போகணும். சில பேருக்கு மட்டும் அப்பா குடுத்த பாதியும் அம்மா குடுத்த பாதியும் ஒண்ணாவே இருக்கும். அந்த மாதிரி ஆளு கிடைச்சா எங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு பாதி பொருந்தினாலே போதும்."

"அப்படி யாருக்கு இருக்கும்?"

"சொந்தத்துக்குள்ளயே தலைமுறை தலைமுறையா கட்டிக்கிட்ட குடும்பத்துல பிறந்தவங்களுக்கு."

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் வீட்டுக்காரர் விலங்கியல் ஆசிரியர். சொந்தத்தில் கல்யாணம் கூடாது என்று இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்திலும் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் பேசிப் பேசிப் பாதிச் சொந்தக்காரர்களைப் பகைத்துக்கொண்டவர். அதைச் சொன்னேன்.

"அவர் சொல்றதுதான் சரி" என்றார் டாக்டர். "அதனால வர்ற நோயெல்லாம் தினமும் நானே பாக்குறேன். அந்தத் தப்புக்குள்ள இப்படி ஒரு சின்ன நல்லதும் கிடக்கு, அவ்வளவுதான். அவர் சொந்தத்துல அந்த மாதிரி யாராவது இருக்காங்களா?"

இருந்தாள். மாரிச்செல்வி. அவருடைய அத்தை மகள். அத்தை கட்டியது தன் தாய்மாமனை. அந்த வீட்டில் அதற்கு முந்தின தலைமுறையும் அப்படித்தான். வெயிலுமுத்துவுக்கு மாரிதான் முறைப்பெண். பரிசம் போட எல்லோரும் கூடியிருந்த நாளில், "சொந்தத்துல கட்ட மாட்டேன். பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது. இவ தம்பியப் பாருங்க" என்று சபையில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். மாரியின் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. அத்தை இறந்தபோது எங்களுக்குச் சொல்லியே விடவில்லை.

அந்தப் பெண்ணிடம் போய் ரத்தம் கேட்க வேண்டும். பேருந்தில் எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன், கெஞ்சிப் பழக்கமில்லை. என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போன் போட்டேன்.

"மாரி, நான் செண்பகம் பேசுறேன். வெயிலுமுத்து வீட்டுக்காரி."

"சொல்லுங்கக்கா."

"அவருக்கு உடம்பு முடியல. உன் ரத்தம் வேணும்."

"எங்க வரணும்?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் வீணாகப் போனது.

மாரி கயத்தாறில் காற்றாலை பழுதுபார்க்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காற்றடிக்கிற பருவத்தில் அவர்களுக்கு விடுப்பே கிடையாதாம். எப்படியோ வாங்கிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு மறுநாளே மதுரைக்கு வந்துவிட்டாள். பரிசோதனை முடிந்ததும் டாக்டரின் முகமே மாறிவிட்டது. இரண்டு பாதியும் அச்சு அசல் ஒன்று. அதுவும் அவருக்குப் பொருந்துகிற பாதி.

ஆனால் இடையில் ஒரு சிக்கல் நின்றது, அது என்னுடையது.

"மாரியோட செல்லுக்கு உங்க கிட்னியத் தெரியாது" என்றார் டாக்டர். "வைரஸத் தேடிப் போற வழியில அதையும் அடிச்சிடும். அடிக்காம இருக்கப் பழக்கலாம். எதிர்ப்புச் சக்திய அடக்குற மாத்திரைய மீறி வேலை செய்யவும் பழக்கலாம். ஆனா அதுக்கு ஒரு மாசம் ஆகும்."

"பழக்குங்க."

"அவருக்கு ஒரு மாசம் இல்லம்மா." படத்தைக் காட்டினார். வலது மூளையில் சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளைத் திட்டுகள். ஒன்று நடுக்கோட்டுக்குக் கிட்டத்தில் வந்திருந்தது. "இந்தக் கோட்டத் தாண்டி இடது பக்கம் போயிட்டா பேச்சு போயிடும். வாய்ப் பேச்சு மட்டுமில்ல, வார்த்தையே போயிடும். எழுதிக் காட்டவும் முடியாது. வைரஸ் தின்ன இடம் திரும்ப வராது."

"இப்பவே ஏத்திட்டா?"

"மாத்திரைய நிறுத்திட்டு இப்பவே ஏத்தலாம். மூளையக் காப்பாத்திடலாம்னு நம்புறேன். கிட்னி போயிடும். இன்னொண்ணு வச்சா திரும்ப அந்த மாத்திரை போடணும், இது மறுபடி எந்திரிச்சுடும், அதனால அதுவும் இனிமே நடக்காது. இடுப்புல கட்டிக்கிற சுத்திகரிப்பு மெஷின் இப்ப நல்லதா வந்திருக்கு, ஆயுசுக்கும் அதோட இருக்கணும்."

உறுப்பு வியாபாரக் கூத்துகளுக்குப் பிறகு வந்த சட்டப்படி, கொடுத்தவர் கையெழுத்து இல்லாமல் அந்த உறுப்பைப் பலிகொடுக்கிற எந்தச் சிகிச்சையும் செய்ய முடியாது. நோயாளிக்கு நினைவு இருந்தால் அவரும் சம்மதிக்க வேண்டும். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். யோசிக்க அதில் என்ன இருக்கிறது?

அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"ஒரு மாசம் காத்திருக்கேன்" என்றார். நாக்கு லேசாகக் குழறியது. "பேச்சு போனா போகட்டும். செண்பகா அவ உடம்ப அறுத்துக் குடுத்தது. அத நான் குப்பையில போட மாட்டேன்."

டாக்டர் விளக்கினார். திரும்ப விளக்கினார். அவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். "சாயங்காலம் வரைக்கும் யோசிங்க சார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். போகிறபோது என்னைப் பார்த்த பார்வையில், இதற்குத் தன்னிடம் மருந்தில்லை என்பது தெரிந்தது.

இந்த இடத்தில் எங்கள் குடித்தனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாங்கள் இரண்டு பேரும்தான், அதனால் சண்டைக்குக் குறைவிருந்ததில்லை. காலையில் தண்ணீர் மோட்டாரில் தொடங்கினால் இரவு கொசுவலை வரைக்கும் நீளும். அவர் பேச்சில் வல்லவர், நான் சத்தத்தில். தெருவில் நடந்துபோகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் சிறுநீரகம் கொடுத்த பிறகு அதெல்லாம் நின்றுபோனது. நான் சொன்னதற்கெல்லாம் சரி என்றார். என் தம்பி செய்கிற அழிச்சாட்டியத்தைக்கூட ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். உட்கார்ந்தால் என்னிடம் கேட்டுக்கொண்டு எழுந்திருப்பார். ஊரில் எல்லோரும், "உனக்குக் கொடுப்பினைடி, புருஷன் தாங்குறான்" என்றார்கள். எனக்கு மட்டும் வீட்டில் யாரோ ஒருவர் குறைகிற மாதிரியே இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் சண்டை போடவில்லை என்று புகார் சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

ஆஸ்பத்திரிக் கேண்டீனில் மாரி எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாள்.

"அத்தான் மாட்டேன்னுட்டாகளா?"

"பிடிச்ச பிடி. அன்னைக்கு உன்னைய வேண்டாம்னு சபையில சொன்ன மாதிரியே" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. "தப்பா எடுத்துக்காத மாரி."

அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கு வேண்டாம்னு சொன்னது அவுக இல்லக்கா. நான்."

எனக்கு விளங்கவில்லை.

"முதல் நாளு அவுகளப் பள்ளிக்கூடத்து வாசல்ல வச்சுப் பாத்துச் சொன்னேன். எனக்குக் கல்யாணமே வேண்டாம் அத்தான், நான் டிப்ளமோ படிக்கணும், நான் மாட்டேன்னு சொன்னா எங்கப்பா கைகால முறிச்சுப் போட்டுருவாரு. நீங்க மாட்டேன்னு சொன்னா திட்டத்தான் செய்வாருன்னேன். சரின்னுட்டாக."

"உன் தம்பியக் காட்டிப் பேசினாரே. அதத்தானே உங்க வீட்டுல இன்னும் பொறுக்கல?"

"அதுவும் நான் சொல்லிக் குடுத்ததுதான். வேற என்ன சொன்னாலும் எங்கப்பா உக்காந்து சமாதானம் பேசி முடிச்சிருவாரு. தம்பிய இழுத்தாத்தான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். தம்பிகிட்ட அன்னைக்கே சைகையில சொல்லிட்டேன். அவன் இன்னைக்கும் அத்தானப் பத்திக் கேப்பான்."

"இருபது வருஷம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அந்த மனுஷன்."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேம்லா. அம்மா செத்தப்ப நாங்க சொல்லி விடல. அவுக சுடுகாட்டுப் பாதையில தள்ளி நின்னுக்கிட்டு இருந்தாக. நான் பாத்தேன். அப்பவும் வாயத் தொறக்கல." அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "அவுக அப்படித்தான்க்கா. ஒரு பாரத்த ஏத்திக்கிட்டா எறக்க மாட்டாக. யாராவது பிடுங்கணும்."

எனக்கு வந்த கோபத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். இத்தனை வருடமும் அவர் அறிவியலுக்காக முறைப்பெண்ணையே வேண்டாமென்றவர் என்று பெருமையாகப் பேருந்தில் பேசிக்கொண்டு திரிந்தவள் நான். கோபம் அவர்மேலா, என்மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. விறுவிறுவென்று அவருடைய அறைக்குப் போனேன். மாரியும் பின்னாலேயே வந்தாள்.

இடது பக்கம் நின்றால் நான் நிற்பதே அவருக்குத் தெரியாது. வலது பக்கம் சுற்றிப் போய் நின்றேன்.

"உங்களுக்குள்ள இருக்கிற கிட்னி யாருது?"

"உன்னுது" என்றார், சாந்தமாக.

"நல்லாத் தெரியுதுல்ல? அப்ப அது எனக்குத் திரும்ப வேணும்."

அவர் விழித்தார். "எடுத்து என்ன பண்ணுவ?"

"குப்பையில போடுவேன். நாய்க்குப் போடுவேன். என் பொருளு, என்னமும் செய்வேன். ஆறு வருஷம் வச்சிருந்தது போதும்."

"செண்பகா..."

"நான் பேசி முடிக்கிறேன். நான் எதுக்குக் குடுத்தேன்? எங்கூடச் சரிக்குச் சரி மல்லுக்கட்ட ஒரு ஆளு வேணும்னு குடுத்தேன். நீங்க கிட்னிய வச்சுக்கிட்டு அந்த ஆள அனுப்பிட்டீங்க. ஆறு வருஷமா ஒரு விருந்தாளிக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்கேன். போதும் போதும்னு ஆயிப்போச்சு எனக்கு. இனி பேச்சும் போயி, நான் என்ன சொன்னாலும் தலைய மட்டும் ஆட்டிக்கிட்டு எதிர்ல உக்காந்திருப்பீங்க. அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். குடுத்தவ கேக்கேன், திருப்பிக் குடுங்க."

சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் மரியாதைக்காகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.  என் வீட்டுக்காரர், "மாரி இருக்காளா?" என்றார். அவள் அவருடைய இடது பக்கம்தான் நின்றிருந்தாள்.

"இருக்கேன் அத்தான். அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"சத்தியம் வாங்கினியே."

"நான் வாங்கினது, நானே விட்டுக் குடுத்துட்டேன். அக்காவுக்கும் அதைத்தான் செய்யத் தோணுது. நீங்க என்னத்துக்கு இடையில நிக்கிய?"

அவர் பேனாவைக் கேட்டார். கையெழுத்தில் இடது பக்கத்து எழுத்துகள் விழவில்லை. "முத்து" மட்டும்தான் இருந்தது. டாக்டர் அதன் பக்கத்தில் ஒரு கைரேகையும் வாங்கிக்கொண்டார்.

இரவல் ஏற்றிய வாரம் காய்ச்சல் கொதித்தது. சிறுநீர் குறைந்தது, பிறகு நின்றது. டாக்டர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. பெருமையாகக் கொடுத்துவிட்டுக் கோபமாகக் கேட்டு வாங்கியதுதான். ஆனாலும் துக்கமாக இருந்தது. என்னில் ஒரு துண்டு செத்துப்போனது, அழாமல் என்ன செய்வது? அன்றைக்கு முழுதும் நான் யாரோடும் பேசவில்லை. மாரியும் பேசச் சொல்லி வற்புறுத்தவில்லை. சாப்பாட்டை வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு எடுத்த படத்தில் வெள்ளைத் திட்டு கோட்டைத் தாண்டவில்லை. அதற்கடுத்த படத்தில் ஓரங்கள் சுருங்கியிருந்தன. "நின்னுடுச்சு" என்றார் டாக்டர் நிலோஃபர்.  ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் மெல்லத் தலையை இடது பக்கம் திருப்பி, அங்கே நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயத் தோசை தின்றுகொண்டிருந்த மாரியைப் பார்த்து, "நீ எப்ப வந்த?" என்று கேட்டார். வாயில் தோசையை வைத்துக்கொண்டே அவள் அழுதாள். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் மூச்சு வாங்கினேன். அப்படி ஒரு மூச்சு எனக்கு அதற்கு முன்னாலும் பின்னாலும் வந்ததில்லை.

எல்லாம் திரும்பி வரவில்லை. இடது கை விரல்கள் சொன்னபடி கேட்காது. வேகமாகப் பேசினால் வார்த்தை சிக்கும். இடுப்பில் கட்டிய மெஷின் மிக்ஸி ஓய்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். மாரி கயத்தாறுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவாள். சில மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது அவளுடைய செல்லில் ஒன்றுகூட இல்லை என்றார்கள். என்னுடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை. இப்போது அவருக்குள் இருப்பது அவர் மட்டும்தான்.

அந்தச் செய்தி வந்த வாரத்தில்தான் அது நடந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு வாழைத்தண்டுக் கூட்டு வேண்டாம்."

"ஏன், என்ன செய்யுது?"

"பிடிக்கல."

"இத்தனை நாளும் தின்னீங்கள்ல?"

"ஆறு வருஷமாப் பிடிக்கல. வாரத்துல மூணு நாளு நார் நாரா மென்னுக்கிட்டு இருந்தேன்."

"கிட்னிக்கு நல்லதுன்னு செஞ்சு போட்டேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எந்தக் கிட்னிக்கு?"

  வாழைத்தண்டை உரித்து நார் எடுப்பது என்ன பாடு தெரியுமா என்று தொடங்கினேன். உப்பு எப்போதும் ஒரு கல் கூடத்தான் என்றார். என் தம்பி வாங்கிக்கொண்டுபோய்த் திருப்பித் தராத ஏணி வரைக்கும் போனார். வார்த்தை சிக்கிய இடத்திலெல்லாம் நல்ல கையால் தட்டைத் தட்டினார். நான் என் பங்குக்குக் குரலை உயர்த்தினேன். அவரும் விடவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் சன்னலில் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஏதும் பிரச்சினையா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். அவள் புதிதாகக் குடிவந்தவள், எங்களைத் தெரியாது.

"ஒண்ணுமில்லம்மா, சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.